ஐன்ஸ்டீன் கணக்கில் தோற்றாரா? கேட்ட வரலாற்றைச் சோதித்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

என் அக்கா மகன் எட்டாம் வகுப்பில் கணக்கில் தோற்றுவிட்டு மூஞ்சியைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். தேற்றுவதற்காக, "ஐன்ஸ்டீனே கணக்கில் ஃபெயில்தான்டா, தெரியுமா?" என்று எடுத்துவிட்டேன். பையன் முகம் தெளிந்துவிட்டது. எனக்கும் பெருமை, நல்ல மாமா என்று.

இரண்டு வருடம் கழித்து வேறு எதையோ தேடும்போதுதான் தெரிந்தது, அது பொய் என்று. 1935-இலேயே இந்தத் துணுக்கு அச்சான தாளை ஐன்ஸ்டீனிடம் காட்டியிருக்கிறார்கள். தான் கணக்கில் ஒருபோதும் தோற்றதில்லை, பதினைந்து வயதுக்கு முன்பே நுண்கணிதம் கைவந்துவிட்டது என்று அவர் சொல்லியிருக்கிறார். சம்பந்தப்பட்ட ஆளே வாயைத் திறந்து மறுத்து ஏறக்குறைய 90 வருடம் ஓடிவிட்டது. கதைக்கு ஒரு கீறலும் விழவில்லை.

அதைவிட எனக்கு உறைத்தது வேறு. பொய் என்று தெரிந்த பிறகும் அதை விட எனக்கு மனசு வரவில்லை. "சரி, போய் அவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது" என்று ஒரு மாதம் சும்மா இருந்தேன். அந்தக் கதை எனக்கு ஒரு வேலை செய்து கொடுத்திருந்தது. அந்த வேலைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. நாம் விடாமல் பிடித்திருக்கும் வரலாற்றுக் கதைகள் பெரும்பாலும் இப்படித்தான். ஒன்று ஆறுதல் தரும், ஒன்று பெருமை தரும், ஒன்று யாரையாவது திட்ட வசதியாக இருக்கும். அதனால் உண்மை எது என்று கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அந்தக் கதை பார்த்துவந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்பது மீதிப் பாதி.

இதில் இப்போதுதான் இறங்குகிறீர்கள் என்றால் கீழே சொல்லும் வரிசையில் போய்ப் பாருங்கள். வரலாற்றுப் பட்டம் வேண்டாம். கையில் ஒரு போனும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

படி 1: உங்களுக்குப் பிடித்த கதையில் தொடங்குங்கள்

எல்லோரும் செய்யும் தப்பு, தனக்குப் பிடிக்காத கதையை முதலில் உடைக்கப் போவது. எதிர்த்தரப்பு சொல்வதைப் பொய் என்று காட்டுவதில் நமக்கு எந்த வலியும் இல்லை. அதனால் கற்றுக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. கேட்டதும் நெஞ்சு நிமிர்ந்ததே, உடனே நாலு பேருக்கு அனுப்பினீர்களே, அந்தக் கதையை எடுங்கள்.

பிரிட்டிஷ் அரசியல்வாதி மெக்காலேயின் பேச்சைப் பார்ப்போம். இந்தியா முழுக்கச் சுற்றிவந்தேன், ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ பார்க்கவில்லை, இவ்வளவு செல்வமும் நேர்மையும் உள்ள நாட்டை வெல்ல வேண்டுமானால் இவர்களுடைய கல்வியையும் பண்பாட்டையும் உடைக்க வேண்டும் என்று 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் அவர் பேசியதாக ஒரு படம் சுற்றுகிறது. நானும் அனுப்பியிருக்கிறேன். படித்த மேடைப் பேச்சாளர்களும் விடாமல் சொல்கிறார்கள்.

இதை உடைக்க நூலகம் எதற்கும் போக வேண்டாம். நாளையும் இடத்தையும் பொருத்திப் பார்த்தால் போதும். மெக்காலே 1834-லேயே இந்தியா வந்துவிட்டார். 1835 பிப்ரவரியில் அவர் கல்கத்தாவில், கவர்னர் ஜெனரலின் ஆலோசனைக் குழுவில் சட்ட உறுப்பினர். லண்டனுக்குக் கப்பலில் போய்ச் சேரவே மாதக்கணக்கில் ஆகும் காலம் அது. அந்தத் தேதியில் லண்டன் பாராளுமன்றத்தில் அவர் எப்படிப் பேசியிருப்பார்?

ஆனால் தேதி சும்மா வந்ததில்லை. அதே பிப்ரவரி 2 அன்று கல்கத்தாவில் அவர் கல்வி பற்றிய புகழ்பெற்ற குறிப்பை எழுதினார். அது முழுசாகக் கிடைக்கிறது, படித்துப் பாருங்கள். நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஒரு தட்டு இந்தியா, அரேபியா இரண்டின் மொத்த இலக்கியத்துக்கும் சமம் என்கிறார். ரத்தத்திலும் நிறத்திலும் இந்தியராக, ரசனையிலும் சிந்தனையிலும் ஆங்கிலேயராக ஒரு வகுப்பை உருவாக்க வேண்டும் என்கிறார். நிஜ மெக்காலே நம்மைப் புகழவே இல்லை, மட்டம் தட்டினார். போலி மெக்காலே நம்மைப் புகழ்ந்துவிட்டுச் சதி செய்கிறார். நமக்கு இரண்டாமவரைத்தான் பிடித்திருக்கிறது. ஏன் என்று ஒரு நிமிடம் யோசித்தால், அந்தக் கதை நமக்குச் செய்யும் வேலை பிடிபட்டுவிடும்.

படி 2: வாக்கியத்தைத் துண்டு துண்டாக வெட்டுங்கள்

"ரோம் பற்றி எரிந்தபோது நீரோ பிடில் வாசித்தான்." ஆறே சொல்லில் நாலு தகவல் இருக்கிறது. தனித்தனியாகப் பிரியுங்கள்.

ரோம் எரிந்ததா? எரிந்தது, கி.பி. 64-இல். ரோமப் பேரரசன் நீரோ ஊரில் இருந்தானா? தீ மூண்டபோது சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி ஆண்டியம் என்ற கடற்கரை ஊரில் இருந்தான் என்கிறார் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். பிடில்? அந்தக் கருவி பிறந்ததே 16-ஆம் நூற்றாண்டில். சும்மா வேடிக்கை பார்த்தானா? திரும்பி வந்து வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டான், தானிய விலையைக் குறைத்தான். இதையும் டாசிட்டஸ்தான் சொல்கிறார், அவருக்கு நீரோவைக் கண்டாலே ஆகாது.

அப்படியானால் கதை எங்கிருந்து வந்தது? நகரம் எரியும்போது டிராய் நகரம் அழிந்த கதையை நீரோ பாடினான் என்று அப்போதே ஒரு வதந்தி ஓடியது. டாசிட்டஸ் வதந்தி என்றே எழுதினார். பின்னால் வந்த சுவெட்டோனியஸ் அதை நடந்ததாகவே எழுதிவிட்டார். பாட்டு இருந்த இடத்தில் பல நூற்றாண்டு கழித்துப் பிடில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிடில் பொய் என்று தெரிந்ததும் "ஐயோ பாவம் நீரோ" என்று மறுபக்கம் சாய்ந்துவிடாதீர்கள். எரிந்த இடத்தில்தான் தனக்குப் பொன்மாளிகை கட்டினான். பழியைக் கிறிஸ்தவர்கள் மேல் போட்டுக் கொடூரமாகக் கொன்றான். ஒரு துண்டு பொய்யானால் அந்த ஒரு துண்டுதான் பொய்.

படி 3: முதலில் சொன்னது யார், எத்தனை வருடம் கழித்து?

என்னைக் கேட்டால் இந்த வேலையின் உயிரே இந்தப் படிதான். ஒரு காகிதத்தில் இரண்டு வருடங்களை எழுதுங்கள்: சம்பவம் நடந்த வருடம், அது முதன்முதலில் எழுத்தில் பதிவான வருடம். இரண்டையும் கழியுங்கள். வரும் எண்ணே பாதி பதில்.

எகிப்தின் பெரிய பிரமிடு கி.மு. 2560-ஐ ஒட்டி எழுந்தது. ஒரு லட்சம் பேர் முறை வைத்து உழைத்தார்கள் என்று எழுதியவர் கிரேக்கரான ஹெரோடோட்டஸ், கி.மு. 5-ஆம் நூற்றாண்டில். இடைவெளி ஏறக்குறைய 2,000 வருடம். அதாவது இன்று ஒருவர் போய் உள்ளூர்க்காரர்களிடம் விசாரித்துவிட்டு அகஸ்டஸ் சீசர் காலத்தைப் பற்றி எழுதுவது போல. சவுக்கடி வாங்கும் அடிமைகள் நம் மனதில் ஏறியது அதற்கும் வெகு பின்னால், சினிமா வழியாக.

இந்தப் பக்கம் பாருங்கள். 1990-இல் கீசாவில் பிரமிடு கட்டியவர்களின் கல்லறைகள் வெளிப்படத் தொடங்கின. அரசனின் பிரமிடுக்கு அருகிலேயே, மறுமைக்கான ரொட்டி, பீர் ஜாடிகளோடு புதைத்திருக்கிறார்கள். 2013-இல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் பாப்பிரஸ் சுருள்கள் கிடைத்தன. மெரெர் என்ற மேற்பார்வையாளர் எழுதிய வேலைக் குறிப்பேடு அது. தூரா சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றிக் கீசாவுக்குக் கொண்டுபோனதை நாள்வாரியாக எழுதிவைத்திருக்கிறார். பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபு மன்னரின் காலத்திலேயே எழுதியது. இடைவெளி: பூஜ்யம். ஹெரோடோட்டஸைவிட இந்த மனிதரின் வறட்டுக் குறிப்புகள்தான் எனக்குப் பெரிது. சுவாரசியமாக எழுதவேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. எத்தனை நடை, எங்கே இறக்கினோம், இரவு எங்கே தங்கினோம், அவ்வளவுதான்.

பசியால் வாடும் மக்களைப் பற்றி மேரி அன்டாய்னெட் ராணி "ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்" என்று சொன்ன கதைக்கும் இதே கணக்கைப் போடலாம். இங்கே கழித்தல் நெகட்டிவில் வரும். "ஒரு பெரிய இளவரசி" இப்படிச் சொன்னதாகச் சிந்தனையாளர் ரூசோ தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார், பெயர் சொல்லவில்லை, அவர் சொல்வது கேக்கும் இல்லை, பிரியோஷ் என்ற முட்டையும் வெண்ணெயும் சேர்த்த ரொட்டி. அந்தப் பகுதியை எழுதியது 1765-ஐ ஒட்டி. மேரி பிறந்தது 1755; பிரான்ஸ் மண்ணை மிதித்தது 1770-இல். ரூசோ எழுதும்போது அவர் வியன்னாவில் பத்து வயதுப் பெண்.

சரி, முதல் பதிவை எப்படித் தேடுவது? பிரபலமான வாசகத்தை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுள் புக்ஸில் தேடுங்கள். ஆண்டு வரம்பை மெல்ல மெல்லப் பின்னால் தள்ளுங்கள். 2000-க்கு முன், 1950-க்கு முன், 1900-க்கு முன் என்று போகும்போது ஓர் இடத்தில் சத்தமே நின்றுபோகும். கதை பிறந்தது அதை ஒட்டித்தான் இருக்கும். விக்கிப்பீடியாவில் கட்டுரையை விட அடிக்குறிப்புதான் முக்கியம். அதைப் பிடித்துக்கொண்டு மூல நூலுக்குப் போங்கள். பழைய நூல்கள் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் ப்ராஜெக்ட் குட்டன்பர்கிலும் இலவசமாகவே கிடைக்கின்றன. நூறு தளங்களில் ஒரே வரி இருந்தால் அது நூறு சாட்சி ஆகாது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது, ஒரே சாட்சிதான். செயற்கை அறிவுச் செயலியிடம் கேட்பதானால் "எந்த நூலில், எந்தப் பக்கத்தில்" என்று கேளுங்கள். சொன்ன பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து நீங்களே பாருங்கள், ஏனென்றால் இல்லாத பக்கத்தையும் அது கூசாமல் சொல்லும்.

படி 4: சொன்னவர் அதைப் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தாரா?

ஒரே ஆள் ஒரு விஷயத்தில் அருமையான சாட்சியாகவும் இன்னொன்றில் ஒன்றுக்கும் உதவாத சாட்சியாகவும் இருக்கலாம். இதற்கு எனக்கு மிகப் பிடித்த உதாரணம் வில்லியம் ஸ்டக்லி. 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய மருத்துவர், பழம்பொருள் ஆய்வாளர், நியூட்டனின் நண்பர்.

1726 ஏப்ரல் 15 அன்று சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டக்லியும் நியூட்டனும் தோட்டத்தில் ஆப்பிள் மரங்களின் நிழலில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். நியூட்டனுக்கு அப்போது 83 வயது. இதேபோல் உட்கார்ந்திருந்தபோதுதான் ஒரு ஆப்பிள் விழுந்து, அது ஏன் எப்போதும் செங்குத்தாகத் தரைக்கே வருகிறது என்று யோசித்ததாக அவரே சொன்னதை ஸ்டக்லி குறித்துவைத்தார். 1752-இல் எழுதிய அந்தக் கையெழுத்துப் படியை லண்டன் ராயல் சொசைட்டி 2010-இல் இணையத்தில் போட்டுவிட்டது. ஆக, ஆப்பிள் கதை சுத்தக் கட்டுக்கதை என்று சொல்பவர்கள் அவசரப்படுகிறார்கள். தலையில் விழுந்தது என்பதுதான் சேர்க்கை. 60 வருடத்துக்கு முந்தைய நிகழ்ச்சியைக் கிழவர் தன் வசதிக்குக் கொஞ்சம் மெருகேற்றியிருக்கலாம்தான். ஆனாலும் சொன்னவர் நியூட்டன், கேட்டவர் எதிரில் இருந்தவர்.

இரண்டு வருடம் கழித்து, 1754-இல், அதே ஸ்டக்லி ஒரு கடிதத்தில் இங்கிலாந்தின் ஹேட்ரியன் சுவரைப் பற்றி எழுதும்போது, இதைவிடப் பெரியது சீனச் சுவர் ஒன்றுதான், அது சந்திரனிலிருந்தே தெரியலாம் என்று போகிற போக்கில் எழுதிவிட்டார். விண்கலம் என்ற சொல்லே பிறக்காத காலம். மனிதர் சந்திரனுக்கும் போனதில்லை.

இதைச் சோதிக்கக் கணக்கே போதும். சுவரின் அகலம் தாராளமாக 7 மீட்டர் என்று வையுங்கள். சந்திரன் இருப்பது 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில். அகலத்தைப் போல சுமார் 5 கோடியே 50 லட்சம் மடங்கு. ஒரு தலைமுடியின் பருமன் ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர், அதை அதே மடங்கால் பெருக்கினால் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர். நாலு கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கும் ஒரு தலைமுடி உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால், சந்திரனிலிருந்து சுவரும் தெரியும். நீளமாக இருக்கிறதே என்று கேட்காதீர்கள், தலைமுடியையும் எவ்வளவு வேண்டுமானாலும் நீளமாக வைத்துக்கொள்ளுங்கள். 2003-இல் சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய் பூமியைச் சுற்றிவிட்டு இறங்கி, சுவர் என் கண்ணில் படவில்லை என்றார். அவர் சுற்றியது சில நூறு கிலோமீட்டர் உயரத்தில்தான்.

படி 5: அளவும் சராசரியும் படமும் ஏமாற்றும்

நெப்போலியன் குள்ளன் என்று யார் சொன்னாலும் கையில் ஒரு தாளை எடுங்கள். 1821-இல் செயின்ட் ஹெலினா தீவில் இறந்தபோது அவர் உயரம் 5 அடி 2 அங்குலம் 4 வரி என்று குறித்தார்கள். ஆனால் அது பழைய பிரெஞ்சு அளவு. பிரெஞ்சு அங்குலம் 2.707 சென்டிமீட்டர், ஆங்கில அங்குலம் 2.54. மொத்தம் 62 அங்குலத்தைப் பிரெஞ்சு அளவால் பெருக்கினால் 167.8, பிரெஞ்சு அங்குலத்தில் பன்னிரண்டு வரி, ஆக 4 வரிக்கு இன்னொரு 0.9. கிட்டத்தட்ட 168.7 சென்டிமீட்டர். அந்தக் காலப் பிரெஞ்சு ஆண்களில் இது சராசரிக்குச் சற்று மேல். அதே 62-ஐ ஆங்கில அங்குலமாக எடுத்தால் 157.5. பதினொரு சென்டிமீட்டர் காகிதத்தில் காணாமல் போயிற்று. இதோடு ஜேம்ஸ் கில்ரே வரைந்த கேலிச்சித்திரங்கள், சுற்றிலும் உயரமான மெய்க்காவலர்கள், வீரர்கள் செல்லமாக வைத்த "குட்டி கார்ப்பொரல்" என்ற பெயர், எல்லாம் கூடிக்கொண்டன.

சராசரி இன்னும் மோசம். "அந்தக் காலத்தில் மனிதனின் ஆயுள் 35 வயதுதான், 40 வயது ஆள் கிழவன்" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். பத்துக் குழந்தைகள் பிறந்ததாக வைத்துக்கொள்வோம். நாலு குழந்தைகள் ஒரு வயதிலேயே இறந்துவிடுகின்றன. மீதி ஆறு பேர் 60 வயது வாழ்கிறார்கள். கூட்டினால் 364, பத்தால் வகுத்தால் 36.4. இந்தப் பத்துப் பேரில் 36 வயதில் இறந்தவர் ஒருவர்கூட இல்லை! பண்டைய ரோமில் கான்சல் என்ற உச்ச ஆட்சிப் பதவிக்குப் போட்டியிடவே 42 வயது ஆகியிருக்க வேண்டும். கிழவர்களைத் தேடிப் பிடித்தா சட்டம் போட்டிருப்பார்கள்? குழந்தைச் சாவு பயங்கரமாக இருந்தது. அதைத் தாண்டியவர்களில் பலர் பேரப்பிள்ளையைப் பார்த்தார்கள்.

படங்களைப் பற்றிச் சுருக்கமாக. கொம்பு வைத்த தலைக்கவசம் போட்ட வைக்கிங் வீரன் நாடக உடை. 1876-இல் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் வாக்னரின் இசைநாடகத்துக்கு கார்ல் எமில் டோப்ளர் உடை வடிவமைத்தார். கொம்பு அதில் வந்து ஒட்டிக்கொண்டது. நார்வேயின் யெர்முண்ட்புவில் 1943-இல் கிடைத்த அசல் வைக்கிங் கவசம் கொம்பில்லாத வெறும் இரும்புத் தொப்பி. டென்மார்க்கில் கொம்புள்ள வெண்கலக் கவசங்கள் கிடைத்திருக்கின்றன, ஆனால் அவை வைக்கிங்குகளுக்கு ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கும் மேல் மூத்தவை. மனதில் பளிச்சென்று ஒரு படம் வந்தால், அதை வரைந்தவர் எந்த வருடத்தில் உட்கார்ந்து வரைந்தார் என்று கேளுங்கள்.

படி 6: மறுப்பையும் அதே தராசில் போடுங்கள்

ஐந்து படி ஏறியதும் ஒரு போதை வரும். எதைப் பார்த்தாலும் "அதெல்லாம் பொய்" என்று சொல்லத் தோன்றும். எனக்கு வந்தது, ஆறேழு மாதம் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை.

"கொலம்பஸ் காலத்தில் எல்லோரும் பூமி தட்டை என்று நம்பினார்கள், அவர்தான் அதை முறியடித்தார்" என்ற கதையைப் பாருங்கள். முன்னோர்களின் மூடத்தனத்தைத் தோலுரிப்பது போன்ற தோரணை. அதுவே ஒரு கட்டுக்கதை. சந்திர கிரகணத்தில் விழும் பூமியின் நிழல் வட்டமாக இருப்பதை கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் சுட்டிக்காட்டினார். அடுத்த நூற்றாண்டில் எரட்டோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவையே கணக்கிட்டார். 13-ஆம் நூற்றாண்டில் சாக்ரபோஸ்கோ எழுதி, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் நூற்றாண்டுக்கணக்கில் பாடமாக இருந்த நூலின் தலைப்பே "கோளத்தைப் பற்றி".

கொலம்பஸோடு அறிஞர்கள் மல்லுக்கட்டியது தூரத்தைப் பற்றி. கேனரித் தீவிலிருந்து மேற்கே ஜப்பான் 4,500 கிலோமீட்டருக்குள் இருக்கும் என்றார் அவர். நிஜத்தில் கிட்டத்தட்ட 20,000 கிலோமீட்டர். மறுத்தவர்கள் சொன்னதுதான் சரி. நடுவில் யாருக்கும் தெரியாத ஒரு கண்டம் குறுக்கே நின்றதால் மனிதர் பிழைத்தார். தட்டைப் பூமிக் கதையை ஊரெல்லாம் பரப்பியதில் பெரிய பங்கு 1828-இல் வாஷிங்டன் இர்விங் எழுதிய கொலம்பஸ் வரலாற்றுக்கு. நல்ல கதைசொல்லி, அவர் எழுதினால் நம்பாமல் இருக்க முடியாது.

பிரமிடு விஷயத்திலும் இது நடக்கிறது. அடிமைகள் இல்லை என்று தெரிந்ததும் சிலர் ஒரே தாவாகத் தாவி, "எல்லோரும் சம்பளம் வாங்கிய சந்தோஷமான ஊழியர்கள்" என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அரசு கூப்பிட்டால் முறை வைத்துப் போய் உழைத்தாக வேண்டிய கட்டாயம் அது. சாப்பாடும் மருத்துவமும் இருந்தது. வரமாட்டேன் என்று சொல்லும் சுதந்திரம் இருந்திருக்காது. அடிமை, கூலி என்ற இரண்டு டப்பாவில் ஒன்றில் போட்டே ஆகவேண்டும் என்பது நம் பிடிவாதம்.

படி 7: பிடுங்கிய இடத்தில் எதையாவது நடுங்கள்

1994-இல் ஹோலின் ஜான்சன், கொலீன் சைஃபர்ட் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கிடங்கு ஒன்றில் தீப்பிடித்த செய்தியைத் துண்டு துண்டாகப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு சிறு அறையில் பெயின்ட் டப்பாக்களும் எரிவாயு உருளைகளும் வைத்திருந்ததாக முதலில் வரும். பிறகு, அது தப்பு, அந்த அறை காலியாகத்தான் இருந்தது என்று திருத்தம் வரும். படித்தவர்களுக்குத் திருத்தம் நன்றாக நினைவிருந்தது. ஆனாலும் புகை ஏன் அவ்வளவு கருப்பாக இருந்தது என்று கேட்டால் பெயின்ட் என்று பதில் வந்துகொண்டே இருந்தது. யாரோ வேண்டுமென்றே தீ வைத்ததற்கான தடயம் கிடைத்தது என்று வேறொரு காரணத்தைக் கொடுத்தபோதுதான் பெயின்ட் கணிசமாகக் குறைந்தது.

"இல்லை" என்று சொன்னால் மனசு ஏற்காது, "இல்லை, அதற்குப் பதில் இது" என்று சொன்னால் கேட்கும். வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா மெக்காலே படத்தைப் போட்டதும் "ஃபேக்" என்று ஒரே சொல்லில் அடித்துவிட்டுப் போனால் அவருக்கு அவமானம், உங்களுக்குக் கெட்ட பெயர், மெக்காலே படம் அடுத்த மாதம் திரும்ப வரும். அவருக்குத் தனியாக ஒரு செய்தி போடுங்கள்: "பெரியப்பா, அந்தத் தேதியில் மெக்காலே கல்கத்தாவில் எழுதியது இதைவிட மோசமாக இருக்கிறது, பாருங்கள்" என்று நிஜக் குறிப்பை அனுப்புங்கள். அவருடைய கோபத்துக்கு இடம் அப்படியே இருக்கும், ஆதாரம் மட்டும் மாறும். என் பெரியப்பா அதற்கப்புறம் அந்த ஒற்றைத் தட்டு நூலகத்தைச் சொல்லித்தான் திட்டுகிறார்.

பொய்யான வாசகத்தைத் தலைப்பாக வைத்துப் பேச்சைத் தொடங்காதீர்கள். கேட்ட ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டால் அது உண்மை போலத் தோன்ற ஆரம்பிக்கும் என்பதை 1977-இலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். உண்மையை முதலில் சொல்லுங்கள், பொய்யை நடுவில் ஒரு தடவை தொட்டுவிட்டுத் திரும்பவும் உண்மைக்கு வந்துவிடுங்கள். (இந்தக் கட்டுரைத் தலைப்பில் நானே இந்த விதியை மீறியிருக்கிறேன். தெரியும்.) கல்யாண வீட்டில், சாவு வீட்டில், ஒருவர் பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது திருத்தாதீர்கள், அன்று தப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

நானும் கடைசியில் அக்கா மகனிடம் போனேன். வெறும் கையோடு போகவில்லை.

1895-இல் ஐன்ஸ்டீன் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியின் நுழைவுத் தேர்வு எழுதினார். வழக்கமான வயதுக்கு இரண்டு வயது குறைவு, பதினாறுதான். கணக்கிலும் இயற்பியலிலும் அசத்தினார். பிரெஞ்சு உள்ளிட்ட பொதுப் பாடங்களில் சறுக்கி, இடம் கிடைக்கவில்லை. ஆராவ் என்ற ஊரில் போய்த் திரும்பவும் பள்ளி மாணவனாக உட்கார்ந்தார். 1896-இல் வாங்கிய சான்றிதழில் இயற்கணிதம் 6, வடிவியல் 6, இயற்பியல் 6, வரலாறும் 6. அங்கே ஆறுதான் உச்ச மதிப்பெண். அதே வருடம் சூரிச்சில் சேர்ந்துவிட்டார்.

"ஆக, கணக்கில் தோற்கவில்லைடா. தேர்வில் இடம் கிடைக்காமல் போனது நிஜம், திரும்ப ஒரு வருடம் பள்ளிக்கூடத்துக்குப் போய் உட்கார்ந்ததும் நிஜம். நான் அன்று சொன்னது தப்பு," என்றேன்.

அவன் சான்றிதழின் படத்தை என் போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான். "மாமா, பிரெஞ்சில் எவ்வளவு?"

"மூணு."

"ஆறுக்கு மூணா? அப்போ இங்கிலீஷில் நான் வாங்கினதை அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."